பட்டம் வென்ற பெண்ணுக்குக் கூலி யார் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாநில அழகிப் பட்டம் வென்றவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயரம், இடுப்பளவு, காலையில் என்ன சாப்பிடுகிறார், முகத்துக்கு என்ன பூசுகிறார் எல்லாம் இருந்தது. பட்டம் வாங்கிய அந்த ஒரு வருடத்தில் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது, கையை விட்டு எவ்வளவு போகிறது என்று ஒரு வரி கூட இல்லை. குன்னூரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். விழாவுக்கு மலையேறி வரும் பெண்கள் கடைசி நேரத்தில் கவுனைத் தூக்கிக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம்தான் ஓடி வருகிறார்கள். கட்டுரையில் விட்டுப்போனதை எழுதலாம் என்று தோன்றியது.

போன டிசம்பரில் இங்கே ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டக் கீழேயிருந்து ஒரு மாநில அழகியை அழைத்திருந்தார்கள். மலையடிவாரத்துக் கல்லாறு வரை வியர்க்க வியர்க்க வந்தவர்களுக்கு, மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டதாம். என் தையல் கடைக்குள் வந்தபோது அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையில்லாத நெட் கவுன், முதுகில் ஜிப் வேறு பிய்ந்திருந்தது. பின்னாலேயே அவளுடைய அம்மா, ஒரு பெரிய பை, அதில் சேப்டி பின் டப்பா, தலைவலி மாத்திரை, பிளாஸ்க். "அக்கா, வெளியே தெரியாம உள்ளே ஏதாவது வெச்சுத் தைச்சுக் குடுக்க முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். லைனிங்குக்கும் நெட்டுக்கும் நடுவே ஃப்ளானல் துணி வைத்து, முதுகிலும் வயிற்றிலும் அடித்துக் கொடுத்தேன். தோளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, வழக்கம்தான். பனி இறங்கிவிட்டது. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய் சகிதம் ஊரே நிற்க, அவள் மட்டும் வெறும் தோளோடு, பட்டத்தின் பெயர் எழுதிய பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு மேடையில் சிரித்துக்கொண்டே நின்றாள். அம்மா சால்வையைப் போர்த்தப் போனால், "பட்டையில இருக்கிற எழுத்து மறையுது, எடுங்க" என்கிறார் போட்டோகிராபர். எழுத்து மறையக் கூடாதாம்!

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஷாமியானாக்காரருக்கு, மைக் செட்டுக்கு, மேளத்துக்கு, பூங்கொத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் பில் போட்டுக் கணக்குத் தீர்த்தார்கள். டாக்சி வாடகையாவது கொடுங்கள் என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்கு இது விளம்பரம்தானேம்மா" என்று பதில் வந்தது. ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, அவ்வளவுதான். என் தையல் கூலியையும் அந்த அம்மாதான் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

'தமிழ்நாட்டு அழகி' என்ற பெயரில் இன்று பல அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் திருச்சி அனுகீர்த்தி வாஸ் மாதிரி அமைந்துவிடாது. அவர் 2018இல் தமிழ்நாட்டுப் பட்டத்தோடு மும்பை போய் மிஸ் இந்தியா ஆனார், அதே வருடம் சீனாவின் சான்யாவில் உலக அழகிப் போட்டி மேடையிலும் நின்றார். மாநிலப் பட்டத்தோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த வருடம் புதியவர் வந்துவிடுவார். இவருக்குப் பழைய பட்டையும் வாங்கிய கடனும் மிச்சம்.

அழகிப் போட்டியே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பில் நீச்சலுடைச் சுற்றையே செய்ஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கும் அந்தச் சுற்று பிடிக்காதுதான். ஆனால் போட்டி வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு விஷயம், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் அனுப்புவது வேறு விஷயம். அமெரிக்காவில் மாநில அழகிகள் போய்ப் போட்டியிடும் மிஸ் அமெரிக்காவில் 1945லேயே வெற்றியாளருக்குப் படிப்புக்கான உதவித்தொகை கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊரிலும் குறைகள் இருக்கும். இருந்தாலும் பட்டம் போன பிறகு கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அன்றே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இங்கே அந்த யோசனையைப் பெண்ணேதான் செய்துகொள்ள வேண்டும். 1966இல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா மும்பையில் மருத்துவ மாணவி. ஒரு வருடம் முடிந்ததும் மாடலிங், சினிமா எதுவும் வேண்டாம் என்று லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டார். டாக்டராகவே வாழ்ந்தார். அவருக்குத் திரும்பிப் போக ஒரு படிப்பு இருந்தது. என் கடைக்கு வந்த பெண் கல்லூரியில் ஒரு பருவத் தேர்வை விட்டுவிட்டு விழாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று எங்கள் மலையில் மேடைகள் முளைக்கும். தனியார் விழாக்களும் கூடவே வரும். அப்போது உங்கள் நிருபர் இந்தப் பெண்களில் யாரையாவது பேட்டி எடுத்தால், இடுப்பளவைக் கேட்கும் நேரத்தில் கவுன் யார் காசு, வண்டி யார் காசு, இன்றைக்கு எவ்வளவு பேசியிருக்கிறார்கள், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். விழா நடத்துகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கட்டும்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
குன்னூர், நீலகிரி