விளையாட்டாக எடுத்த படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆலிஸ் ஆஸ்டின் எடுத்த படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதன் கீழே ‘தோழிகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டது’ என்ற வரியை எப்படி அனுமதித்தீர்கள்?

முகமூடியும் குட்டைப் பாவாடையுமாகத் தோழி ட்ரூடும் அவரும் நிற்கும் அந்தப் படத்துக்கு ஆலிஸே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: 1891 ஆகஸ்ட் 6, இரவு 11 மணி, கேஸ் விளக்கு எரிகிறது, ஃபிளாஷ், ஸ்டான்லி 35 தகடு, வாட்டர்பரி லென்ஸ், 11 அடி. விளையாட்டாக எடுப்பவர் கேமராவிலிருந்து 11 அடி தூரம் என்று எழுதி வைப்பாரா?

எடுப்பவரே படத்திலும் நிற்கிறார். அப்படியானால் நிற்கப்போகும் இடத்தில் முதலில் வேறெதையாவது வைத்து ஃபோகஸ் பார்க்க வேண்டும். பிறகு லென்ஸை மூடி, தகட்டைச் செருகி, அதன் மறைப்பை உருவிவிட்டுப் போய் நிற்க வேண்டும். அந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்ந்தால் முகம் மங்கும். லென்ஸ் திறந்திருக்கும்போது மெக்னீசியம் பொடி பற்ற வேண்டும். பற்றியதும் அறை முழுக்க வெண்புகை. அது அடங்குமுன் அடுத்த தகட்டை எடுத்தால் வீண்.

அவருடைய இருட்டறையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தோட்டத்து அடிபம்பில்தான் தகடுகளை அலசினார். கண்ணாடித் தகட்டில் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன்: படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போ போக அலசாத தகடு பழுப்பேறி, வெள்ளி அரிக்கப்பட்டு, உருவமே கரைந்துபோகும். இத்தனை காலம் கழித்தும் உங்களால் அச்சிட முடிந்ததென்றால் அது அந்த அலசலால்தான்.

1888இல் கோடக் வந்த பிறகே பெண்கள் கேமராவைத் தொட்டார்கள் என்றும் கட்டுரை சொல்கிறது. ஆலிஸ் சிறுமியாகத் தொடங்கி, அதற்கு முன்பே கைதேர்ந்துவிட்டார். அந்தக் கோடக்கில் 100 வட்டப் படங்கள் எடுத்து, படங்களைக் கழுவித் தரச் சொல்லிக் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பலாம். இவரோ தகடு கழுவுவதையும் தானே செய்தார்.

முன்பொரு முறை, அவரும் இரு தோழிகளுமாக ஆண் வேடமிட்ட படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டீர்கள். கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆலிஸ் கையில், ஷட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரப்பர் குமிழும் தரையில் அதன் குழாயும் தெரியும் படங்களிலோ, அழகு கெடுகிறதென்று கீழ்ப்பகுதியை வெட்டிவிடுகிறீர்கள். எடுத்தது அவர்தான் என்பதற்கு அந்தக் குழாயைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? உங்களுக்குத் தெரியாததா இது?

அடுத்த இதழில் படத்தை வெட்டாமல் ஒருமுறை போடுங்கள். கீழே அவர் பெயரும் அவர் எழுதிய குறிப்பும் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை