பணத்தின் வரலாற்றில் நம் ஊர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேத்தி ஒருநாள், "நமக்கு முதல்முதலில் காசு எங்கிருந்து வந்தது, தாத்தா?" என்று கேட்டாள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பேரேடு எழுதியவன் என்ற முறையில் நானே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒரு நல்ல புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்க வைப்பதே முறை என்று எண்ணி அவளை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பணத்தைப் பற்றிய நூல்களுக்கு அங்கே குறைவில்லை. பங்குச் சந்தையில் பொருளீட்டுவது எப்படி, முப்பது வயதுக்குள் வீடு வாங்குவது எப்படி, செல்வந்தர்கள் விடியற்காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று ஓர் அடுக்கு நிறைய இருந்தன. வரலாறு என்று சொல்லத்தக்கதாகக் கிடைத்த ஒரே நூல் இன்றைய துருக்கியில் இருந்த பழைய லிதியா நாட்டில் தொடங்கி, ரோமைக் கடந்து, லண்டனில் நெடுநேரம் தங்கி, நியூயார்க்கில் முடிந்துவிட்டது. பொருளடக்கத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்த பேத்தி, "இதில் நம்ம ஊரே இல்லையே" என்றாள். அந்தக் குறையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆசிரியர்களின் நூல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1975-இல் பொருளியலறிஞர் கால்பிரெய்த் பணத்தைப் பற்றி எழுதிய நூலும், 2011-இல் டேவிட் கிரேபர் கடனின் ஐயாயிரம் ஆண்டு வரலாறாக எழுதிய நூலும் எனக்குப் பல கதவுகளைத் திறந்தவை. முதலில் பண்டமாற்று, பிறகு நாணயம், அதற்கும் பிறகே கடன் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் சொன்ன வரிசையைத்தான் நம் பாடப் புத்தகங்களும் சொல்லி வருகின்றன. கிரேபர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். லிதியாவில் நாணயம் அடிக்கப்படுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெசபடோமியர்கள் களிமண் பலகைகளில் கடன் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள் என்பது அவர் காட்டும் சான்றுகளுள் முதன்மையானது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் கண்முன் வந்து நின்றது மெசபடோமியா அல்ல. எங்கள் ஊர்க் களம்.

தூற்றி முடித்த நெல்லைப் பொலியாகக் குவித்து மரக்காலால் அளக்கத் தொடங்கும்போது, அளப்பவர் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, 'ரெண்டு, மூணு' என்று இராகம் போட்டு எண்ணிக்கொண்டே போவார். குவியலுக்குச் சற்று எட்டத்தில் தச்சரும் கொல்லரும் சலவைத் தொழிலாளியும் முடி திருத்துபவரும் ஓலைப்பெட்டியோடு காத்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் செய்த வேலைக்காக அன்று களத்தில் அளந்து கொடுப்பதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். கொல்லர் கொழு அடித்துக் கொடுத்த நாளுக்கும் அவருடைய பெட்டியில் நெல் விழுந்த நாளுக்கும் இடையே மாதக் கணக்கில் இடைவெளி உண்டு. ஒரு காசும் கைமாறவில்லை. ஆயினும் அதைப் பண்டமாற்று என்று சொல்ல இயலாது; தாளில் எழுதப்படாமல் ஊரார் நினைவில் நின்ற கடன் கணக்கு அது. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். அளக்கும் கை எந்தச் சாதியுடையது, ஏந்தும் பெட்டி எந்தச் சாதியுடையது என்பது முன்பே முடிவாகியிருந்தது. அளவு குறைந்தால் கேட்க வாயில்லை. ரொக்கக் கூலி வந்தபோது பலருக்கு அது விடுதலையாகவே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

சங்கப் பாடல்களில் பண்டமாற்றும் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது. 'நெல்லும் உப்பும் நேரே' என்று உப்பு வணிகரான உமணரின் மகள் சேரிதோறும் கூவி விற்பதை அகநானூற்றில் அம்மூவனார் பாடியிருக்கிறார். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஓரடியே ஒரு பாடமாகும். யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அதே தொகை சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றிச் சொல்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோமானியக் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமில் பிளினி வருந்தி எழுதியதை இந்த அடியோடு சேர்த்துப் படித்தால், ஒரே வணிகத்தின் இரு கரைகளும் தெரியும். முத்துக் குளித்த கொற்கை நமக்குக் கூப்பிடு தூரம். ஒரு பக்கம் குதிரையும் 'பெருவழுதி' என்று பழந்தமிழ் வரிவடிவமான தமிழியில் எழுத்தும், மறுபக்கம் மீன் சின்னமும் பொறித்த பாண்டியர் செப்புக்காசு கிடைத்து வெளியிடப்பட்டும் பல ஆண்டுகள் ஆகின்றன. இவை அனைத்தும் நாணயவியல் இதழ்களில் இருக்கின்றன. பேத்தி கையில் எடுக்கும் புத்தகத்தில் மட்டும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போடுவது அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரையில் அரைசூரில் பாடிவீடு, அதாவது படை முகாம், கொண்டிருந்த வரகுண பாண்டியன், இங்குள்ள திருப்போத்துடையார் கோயில் வழிபாட்டுக்காக 290 காசை இளங்கோக்குடி சபையாரிடம் ஒப்படைத்தான். முதலைச் செலவழிக்கக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல்லைப் பொலியாக, அதாவது வட்டியாக, சபையார் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திருச்செந்தூர்க் கல்வெட்டிலும் இதே கணக்கைக் காணலாம். 1400 காசு பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வட்டி அங்கேயும் காசுக்கு இரண்டு கலம்தான்.

நிரந்தர வைப்புக்கு ரசீது எழுதியே பழகிய என் கண்ணுக்கு அந்தக் கல் ஒரு வைப்புப் பத்திரமாகவே தெரிகிறது. வைப்பாளர் அரசர், பொறுப்பேற்பது சபை, பயன் பெறுவது கோயில். முதல் காசாக நிற்க வட்டி மட்டும் நெல்லாக வந்ததை நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டும். நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மடைப்பள்ளியில் அடுப்பெரிவதற்கு வேண்டிய அளவு குறையாது. விலைவாசி ஏற்றத்திலிருந்து அறக்கட்டளையைக் காக்கும் வழியை இன்றும் பொருளியலார் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு ஒரு விடை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. களத்தில் குவிந்த நெல்லுக்கும் வட்டிக்கும் 'பொலி' என்ற ஒரே சொல் வழங்கியதை எந்த ஆங்கில நூலும் நமக்குச் சொல்லித் தராது.

பிற்காலத்துக்கு வந்தாலும் செய்திக்குப் பஞ்சமில்லை. நாம் நாள்தோறும் சொல்லும் 'துட்டு', 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசின் பெயர் என்று சொல்லறிஞர்கள் காட்டுகிறார்கள். கீழை நாடுகளின் சிறு காசுக்கு ஆங்கிலேயர் சொன்ன 'கேஷ்' நம் காசிலிருந்து போனது; ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சொல். கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்துச் சென்னைக் கணக்கில் வராகன் என்னும் பொற்காசு ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே புழங்கியது சக்கரம் என்னும் சிறு காசு. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று எல்லைக் கடைகளில் இரண்டு கணக்கும் ஓடின. என் தாய்வழிப் பாட்டனார் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய சக்கரப் பலகை என்னிடம் இருக்கிறது. கைப்பிடி வைத்த பலாப் பலகை; அதன் முகமெங்கும் வெள்ளிச் சக்கரம் ஒன்று சரியாக அமரும் அளவுக்கு வரிசை வரிசையாகச் சிறு குழிகள். மீன் செதிள் போன்ற அந்தக் காசுகளை விரலால் எண்ணி மாளாது. ஒரு பிடி அள்ளிக் கொட்டிப் பலகையை மெல்லக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும். மிச்சத்தைச் சரித்துவிட்டால் எண்ணிக்கை தயார். பேத்தி அதில் சட்டைப் பொத்தான்களைக் கொட்டிக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் பலகையைக் கீழே வைக்கவில்லை.

ரூபாயின் கதையையும் நாம் சரியாகச் சொல்லவில்லை. 1870-களிலிருந்து வெள்ளி விலை சரிந்தது. லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளைப் பொன் கணக்கில் செலுத்திவந்த அரசு திணறியது. 1893-இல் பொதுமக்கள் வெள்ளி கொண்டுவந்து ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தியது. அதன் விளைவுகளை ஆராய்ந்து, 1923-இல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அந்நியச் செலாவணி விகிதம் நிலையாக இருப்பதைவிட, உள்நாட்டில் ரூபாய் எவ்வளவு பொருள் வாங்கும் என்பது நிலையாக இருப்பதே ஏழைகளுக்கு முக்கியம் என்பது அவர் வாதத்தின் உயிர். அம்பேத்கரைச் சிலையாகவும் படமாகவும் அறிந்த நம் பிள்ளைகள், பணவியல் பொருளியலின் பேரறிஞராகவும் அவரை அறிய வேண்டாமா?

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நாலணா 25 பைசா. ஓரணாவோ ஆறு பைசா. நான்கு முறை ஓரணாச் சாமான் வாங்கினால் 24, ஒரே தடவையில் வாங்கினால் 25 என்ற கணக்கு கடைத்தெருவில் எத்தனை பேச்சுக்கு இடமாயிற்று என்பதை என் தாயார் சொல்லிக்கொண்டே இருப்பார். இத்தகைய நினைவுகளை உடையவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்துப் பொன் நிறுத்த கைகளைக் கண்ட பத்தர்களும் அப்படியே.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் பகுதியில் ஒரு நிதி நிறுவனம் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டி ஒரே இரவில் கதவைச் சாத்தியபோது, பீடி சுற்றிச் சேர்த்த காசைப் போட்டிருந்த ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "இப்படியும் நடக்குமா சார்?" என்று கேட்டார். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோதும், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தபோதும் ஆயிரக்கணக்கானோர் இதையேதான் கேட்டிருப்பார்கள். அந்த இரண்டு கதைகளும் எளிய தமிழில் ஊர்தோறும் படிக்கக் கிடைத்திருந்தால், கேள்வி பணம் போடுவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

ஆகவே, கல்வெட்டறிஞரும் நாணயவியலாரும் பொருளியல் ஆசிரியரும் கூடி உட்கார்ந்து, தமிழ்நாட்டுச் சான்றுகளிலிருந்து தொடங்கி உலகத்துக்குப் போகும் பண வரலாறு ஒன்றை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் பெரியவர்களுக்கு ஒன்றுமாக எழுதித்தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பதிப்பாளர்கள் முன்வந்தால் அவற்றை வாங்கும் கடமை நூலகத் துறைக்கு உண்டு. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் செலுத்துகிறோம். அதற்கு முன்னோட்டமாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு தொடர் வருமானால் மிகவும் நன்று. யாரேனும் எழுத முன்வந்தால், சக்கரப் பலகையைப் படம் எடுக்கவும் அளந்து பார்க்கவும் தரச் சித்தமாக இருக்கிறேன். அதைக் குலுக்கிக் காட்டும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பணியாளர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.