இசட் மோட்டாரை எப்படிக் கொடுக்கட்டும்?

கண்ணு,

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் ஒரே டிக்கோடு நிற்கிறது. உன் போன் ரிப்பேராக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பழைய அட்ரஸுக்கே அனுப்புகிறேன். நீ ரூம் மாறியிருந்தாலும் அந்த வீட்டுக்காரம்மா எடுத்து வைத்துக் கொடுத்துவிடுவார் இல்லையா? நல்ல மனுஷி. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை.

விஷயம் உலோகத்தைச் செதுக்க நீ செய்ய ஆரம்பித்த உன் மில்லிங் மெஷின். பின்னால் கொட்டகையில் நீ மூடி வைத்துவிட்டுப் போனதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா ஆரம்பித்தார். வார்ப்பிரும்பு எத்தனை கிலோ தேறும், மோட்டாரில் செம்பு எவ்வளவு இருக்கும் என்று கணக்கு வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். காலேஜில் படிக்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கினாயே, ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்புகிற அந்தப் பழைய ஸ்டெப்பர் மோட்டார் மூன்றும் அதே பேப்பரில் சுற்றியபடி இருந்தன. உன் நோட்டும் இருந்தது. காலமெல்லாம் பம்ப் மோட்டாருக்கு வைண்டிங் போட்ட கை, இந்த உள்ளங்கையளவு மோட்டாருக்கு வயர் கொடுக்காதா என்று உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பித்ததை முடிக்காமல் போவது உன் அப்பா வழிக் குணம். என் வழி இல்லை.

முதலில் பிரிக்கத்தான் கை போனது. மோட்டார் என்றால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எனக்கு ஆகாது. நல்லவேளை, நோட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தாய். திறக்கக் கூடாது, உள்ளே சுற்றுகிற ரோட்டரை உருவினால் காந்தம் பலமிழந்துவிடும், திரும்ப மாட்டினாலும் பழைய இழுவை வராது என்று. எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. எங்கள் பம்ப் மோட்டார் ரோட்டரில் காந்தமே கிடையாது. அதை உருவித் தரையில் உருட்டிவிட்டுத்தான் வேலையே பார்ப்போம்.

டேபிளை நகர்த்துகிற எக்ஸ், ஒய் மோட்டார் இரண்டும் எட்டு வயர். கலரை நம்பாதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்றும் எழுதியிருக்கிறாய். ஜோடி பிடிக்க எனக்கு மீட்டரே தேவைப்படவில்லை. ஏதாவது இரண்டு வயரை முறுக்கிச் சேர்த்துக்கொண்டு ஷாப்டைத் திருகினால் போதும். ஒரே காயிலின் இரண்டு முனை என்றால் ஷாப்ட் முரண்டு பிடிக்கும், விரலுக்கே தெரியும். வேறு வேறு காயில் என்றால் எப்போதும்போல் சுற்றும். அப்பாவைக் கூப்பிட்டுத் திருகச் சொன்னேன். "அட" என்றார். அவர் வாயில் அது வருவது எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும்.

நாலு காயில் கிடைத்தாயிற்று. எதற்கு எது ஜோடி, எது தலை, எது வால்? இதற்கு உன் நோட்டில் வழி இல்லை, அதனால் எழுதிக்கொள். ஷாப்டை டிரில்லிங் மெஷினில் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டேன், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். முதலில் ஒரு காயில் தனியாக எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொன்றை அதோடு சீரிஸில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே பேஸ், அதாவது சேர்ந்து வேலை செய்கிற ஜோடி என்றால் ஒரு விதமாகக் கொடுக்கும்போது இரண்டு மடங்கு காட்டும். முனையை மாற்றிக் கொடுத்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வேறு பேஸ் என்றால் எப்படி மாற்றினாலும் 1.4 மடங்குக்குப் பக்கத்திலேயே நிற்கும். டிரில்லை ஒரே வேகத்தில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு காயிலைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். மோட்டார் நகராது, சூடு மட்டும் ஏறும். நீ அவசரக்காரன், இதை அங்கேதான் விட்டிருப்பாய்.

எக்ஸ், ஒய் இரண்டு மோட்டாரிலும் ஜோடிக் காயில்களைப் பேரலலில் கொடுத்துவிட்டேன். மோட்டாரில் 2 ஆம்பியர் என்று இருக்கிறது, பேரலலில் 2.8 வரை போகலாம். சீரிஸில் 1.4 போதும்தான், ஆனால் கரண்ட் ஏறவிடாமல் தடுக்கிற இண்டக்டன்ஸ் நாலு மடங்காகிவிடும், வேகம் எடுத்தால் இழுவை செத்துவிடும். டேபிள் விறுவிறுவென்று போக வேண்டும் என்றுதானே நீ ஆசைப்பட்டாய்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்தார். மோட்டாரில் போட்டிருப்பது 4.5 வோல்ட், சப்ளை 36 வோல்ட், புகையப் போகிறது பார் என்று எகிறினார். காயிலுக்குள் கரண்ட் சட்டென்று ஏறாது, அதை வேகமாக ஏற்றத்தான் இந்த வோல்ட், சொன்ன ஆம்பியர் வந்ததும் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற டிரைவர் போர்டே வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்தும் என்று விளக்கினேன். 1937லேயே மோட்டார் செய்த கோயமுத்தூரில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படலாமா என்றும் கேட்டேன். சிரித்தார். ஜி.டி. நாயுடு மியூசியத்துக்கு உன்னைக் கூட்டிப்போனால் சாயங்காலம் வரை வெளியே வரமாட்டாய், அதைப் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் மாமா, "பையன் அதே கம்பெனியில்தானே இருக்கிறான்?" என்றார். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

அதே கம்பெனிதானே கண்ணு? சும்மா கேட்டேன்.

மோட்டார் சும்மா நிற்கும்போதே சுடுகிறது, அது எனக்குப் புதுசு. பம்ப் மோட்டார் ஓடினால்தான் சூடாகும். இது அசையாமல் நிற்பதற்கே முழுக் கரண்டும் வாங்குகிறது. டிரைவரில் 4ஆவது ஸ்விட்சை ஆஃபில் வைத்தால் நிற்கும்போது பாதிக் கரண்ட்தான் போகும் என்று நோட்டில் பார்த்து வைத்தேன், இப்போது கை வைக்க முடிகிறது. டிரைவர் ஆனில் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதே, டிரைவர் போய்விடும் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு தரம் சொன்னால் அம்மாவுக்குப் புரியாதா? சரி, நானும் உன்னிடம் அப்படித்தான் பேசுகிறேன். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

எதிர்வீட்டுப் பாப்பா லேப்டாப்பைக் கொண்டுவந்து, டிரைவருக்கு உத்தரவு போடுகிற ஆர்டுயினோ போர்டில் மாட்டியது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் அதை எட்டெட்டாகப் பிரித்து 1600, ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு நகர்த்துவது 5 மில்லிமீட்டர், ஆக ஒரு மில்லிக்கு 320. நீ போட்டு வைத்திருந்த கணக்கு சரியாகவே இருந்தது. டேபிளில் அளவு பார்க்கிற டயலை வைத்து, போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னோம். முள் பூஜ்யத்தில் வந்து நின்றது. அந்தப் பொண்ணு கைதட்டியது. நீதான் பார்த்திருக்க வேண்டும். இடையில் எங்காவது சிக்கி ஸ்டெப் தவறினால் ஆர்டுயினோவுக்கு அது தெரியாதாமே, அதனால் தினமும் ஒரு தரம் டயல் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

கோடிக்குப் போனால் நிறுத்துகிற லிமிட் ஸ்விட்ச் எல்லாம் நீ சொன்ன மாதிரி, எப்போதும் சேர்ந்தே இருந்து இடித்தால் பிரிகிற என்.சி.யில்தான் கொடுத்திருக்கிறேன். வயர் அறுந்தாலும் கழன்றாலும் மெஷின் நின்று அலாரம் போட்டுவிடும். இடித்தால்தான் சேர்கிற என்.ஓ.வில் கொடுத்தால் வயர் அறுந்ததே தெரியாது, எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும்.

செல்வி அக்கா பையனும் பூனாவில்தானே இருக்கிறான். அவன் ஏதோ சொன்னான் என்று செல்வி அக்கா சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு ஆடிட் என்றாய், பொங்கலுக்கும் ஆடிட் என்றாய். இருக்கட்டும். நீ மாசாமாசம் அனுப்பும் பணத்தில் நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, பேங்கிலேயே கிடக்கிறது. அப்பா பென்ஷனும் என் வீட்டு வைண்டிங் வேலையும் எங்கள் இரண்டு பேருக்குத் தாராளம். இந்த மாசம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாசமும் வேண்டாம். அந்தப் பணம் உனக்கு வேண்டுமென்றால் சொல், திருப்பி அனுப்புகிறேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? 2012இல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் பட்டறையெல்லாம் படுத்துக் கிடந்த சமயம், நான் தினமும் சாயங்காலம் வறுத்த கடலைப் பொட்டலம் கொண்டுவருவேன். நீ வாசலிலேயே நிற்பாய். எங்கள் கம்பெனிப் பக்கம் கடலை விற்கிறவர் யாரும் கிடையாது கண்ணு. அது வ.உ.சி. பார்க்கில் வாங்கியது. வைண்டிங் செக்ஷனையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எப்போதும்போல் கிளம்புவேன், பார்க்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன். சம்பளத் தேதிக்கு என் தோட்டை வைத்து அப்பாவிடம் பணம் கொடுத்தேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். பார்க்கில் மதியத்தில் நேரமே போகாது. தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாடும் இறங்காது. அதனால்தான் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

பூனாவில் குர்லா வண்டியில் ஏறினால் நேராகக் கோயமுத்தூர். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. மெஷின் வேலை இருக்கிறது, அம்மா கூப்பிட்டாள் என்று சொல். பொய்யும் இல்லை.

நிஜமாகவே வேலை இருக்கிறது. தலையை ஏற்றி இறக்குகிற இசட் மோட்டார் மட்டும் ஆறு வயர், கறுப்பு-மஞ்சள்-பச்சை ஒரு பேஸ், சிவப்பு-வெள்ளை-நீலம் ஒரு பேஸ். மஞ்சளும் வெள்ளையும் நடு முனை, அதை மீட்டரில் பார்த்துவிட்டேன். 3 ஆம்பியர் போட்டிருக்கிறது. நடுவை விட்டுவிட்டு இரண்டு கோடியிலும் கொடுத்தால் 2.1 ஆம்பியர் போதும், மெதுவான ஓட்டத்துக்கு நல்ல பலம். நடுவிலிருந்து ஒரு கோடிக்குக் கொடுத்தால் பாதிக் காயில்தான் வேலை செய்யும், 3 ஆம்பியர் வேண்டும், வேகத்துக்கு நல்லது. வெட்டுகிற ஸ்பிண்டில் தலை முழுக்க அதன் மேல்தான் தொங்குகிறது, அதனால் கோடிக்குக் கோடி கொடுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. நோட்டில் நீ இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்து வைத்திருக்கிறாய். நீ சொல்லாமல் நான் சால்டர் வைக்கமாட்டேன்.

எழுத நேரம் இல்லையென்றால் எழுத வேண்டாம். பேசப் பிடிக்கவில்லையென்றால் பேசவும் வேண்டாம். யார் போனிலிருந்தாவது ஒரு மிஸ்டு கால் கொடு. ஒன்று என்றால் கோடிக்குக் கோடி, இரண்டு என்றால் பாதிக் காயில். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, போனைச் சைலண்டில் போடமாட்டேன்.

அம்மா