நன்றியுரை: திட்ட அலுவலர்

காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்தவிருக்கும் மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன். உங்கள் முகாம்களுக்கு அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பு நோட்டீஸ் மட்டும், அப்புறம் ஃப்ளெக்ஸ், இப்போது வாட்ஸ்அப்புக்கு ஒரு படமும் சேர்த்துக் கேட்கிறார்கள். தாள் மாறிவிட்டது, எழுத்துரு மாறிவிட்டது. உள்ளே இருக்கும் வரிசை மட்டும் மாறவேயில்லை. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, கடைசியில் நன்றியுரை. அந்தக் கடைசி வரிக்கு எதிரே எப்போதும் ஒரே ஆள்தான்: திட்ட அலுவலர், அதாவது முகாமை நடத்தும் உங்கள் பள்ளி ஆசிரியர்.

ஏழு நாள் முகாமைத் தோளில் சுமந்தவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போனவரிலிருந்து ரேடியோ செட் காரர் வரை எல்லாருக்கும் நன்றி சொல்கிறார். அவர் பேச எழும்போது முன்வரிசை நாற்காலிகள் பாதி காலியாகியிருக்கும். பிரமுகர்கள் காரில் ஏறிக்கொண்டிருப்பார்கள். பேசிக்கொண்டே அவர் கண் சமையல் பக்கம் போகும், பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று.

போன வருடம் ஒரு திட்ட அலுவலர் இரவு ஒன்பது மணிக்குப் புரூஃப் பார்க்க வந்தார். வாழ்த்துரைப் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக ஒருவரைச் சேர்க்கச் சொல்லி அப்போதுதான் போன் வந்ததாம். இடம் இல்லை சார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கடைசி வரியை ஒன்பது பாயின்ட்டுக்குக் குறைச்சிடுங்க, அதை யார் படிக்கப் போறாங்க” என்றார். அது அவருடைய வரி. குறைத்துக் கொடுத்தேன். கொடுத்தபின் மனசு கேட்கவில்லை. இந்த மடல் அதனால்தான்.

எனக்கு இதில் பழைய கடனும் ஒன்று உண்டு. இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிகளுக்கு 1985-இல்தான் வந்தது. அப்படி வந்ததால் தொண்ணூறுகளில் நானும் சட்டையில் திட்டத்தின் சின்னமான கோனார்க் சக்கர பேட்ஜைக் குத்திக்கொண்டு ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தெழுந்தேன். கருவேல முள் வெட்டினோம், கோயில் குளத்தில் பாசி அள்ளினோம். வெட்டிய முள் அடுத்த வருடமே திரும்ப முளைத்திருக்கும், அது வேறு கதை.

எங்கள் சார் வணிகவியல் ஆசிரியர். அந்த ஏழு நாளும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று கிண்டல் செய்தோம். மூன்றாம் நாள்தான் புரிந்தது, எண்ணிக்கொண்டிருக்கிறார். குளிக்கப் போகும்போது ஐம்பது, திரும்பும்போது ஐம்பது. சாப்பாட்டில் ஐம்பது, டீ குடிக்கும்போது ஐம்பது. நாற்பத்தொன்பது வந்தால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஊருக்குத் தெற்கே பெரிய ஏரி இருந்தது. அந்த வருடம் நல்ல மழை. எங்களில் நாலைந்து பேர் ராத்திரி ஏரிக்குப் போகத் திட்டம் போட்டது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. திட்டவில்லை, தலைமை ஆசிரியரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வராண்டா படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். வெளியே போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவன் ஒவ்வொருவனுக்கும் அவர் கை டார்ச் எரிந்தது. எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று அப்போது யோசிக்கிற வயசில்லை.

நிறைவு விழாவில் அவருக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். அவரேதான் முந்தின நாள் வாங்கி வந்த துண்டு. எத்தனை வேண்டும் என்று எண்ணி வாங்கியவரும் அவர்தானே.

“அவர் கடமையைத்தானே செய்கிறார், சம்பளம் வாங்கவில்லையா?” என்று என் கடைக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. வாங்குகிறார், பாடம் நடத்த. முகாம் விழுவது விடுமுறையில். மற்ற ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிற நாட்களில் இவர் ஐம்பது பேருக்கு அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார். மகளிர் பள்ளியிலிருந்து பேனர் வாங்க வந்த ஒரு டீச்சர், தோளில் தூங்கும் குழந்தையோடு வந்திருந்தார். நாளையிலிருந்து ஒரு வாரம் இவள் மாமியாரிடம் இருக்கணும், அதான் இன்னிக்கு இறங்க மாட்டேங்கிறாள் என்றார்.

இந்தத் திட்டத்தின் குறிக்கோள் வாசகம் ‘நாட் மீ பட் யூ’. எனக்காக அல்ல, உனக்காக. நல்ல வாசகம், நானே ஆயிரம் பேட்ஜில் அச்சடித்திருக்கிறேன். ஆனால் சில இடங்களில் அதைத் திட்ட அலுவலரின் வாயை அடைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். சேவை என்று வந்துவிட்டால் கணக்குப் பார்க்கக் கூடாது, இல்லையா?

கணக்குதான் பார்ப்போமே. அரசு தருவது ஏழு நாளுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் என்று பல வருடம் இருந்தது, பிறகு 700 ஆனது. பழைய கணக்கில் 50 பேருக்கு 22,500. அதாவது ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். புதிய கணக்கில் நூறு. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, மண்வெட்டி வாடகை, மருந்துப் பெட்டி, எனக்குத் தர வேண்டிய பேனர் காசு எல்லாம் இதற்குள். போதாததற்கு அவர் ஊரில் நாலு பேரைப் பார்த்து அரிசி மூட்டை, காய்கறி என்று கேட்டு வாங்குகிறார். அதற்கும் மேல் விழுவது சொந்தப் பணம். பிறகு பில். சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடம் பில் கேட்க முடியுமா? முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்தும் வவுச்சரை வைத்துக்கொண்டு அலையும் திட்ட அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வர வேண்டிய பாக்கியைத் தன் சம்பளத்தில் கொடுத்துவிட்டு, “பள்ளியில வந்ததும் எடுத்துக்கறேன்” என்று போனவர்கள் உண்டு. வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லா முகாமும் இப்படி இல்லை. ஒரே பேனரை ஏழு தேதி மாற்றி ஒட்டுகிற மாதிரி செய்து கொடுங்கள் என்று கேட்டவர்களும் என் வாடிக்கையாளர்களே. ஒரு மரக்கன்று, பத்து போட்டோ, மாலைக்குள் ஏழு நாள் முகாமும் முடிந்துவிடும். அவருக்கும் நிறைவு விழா உண்டு. படிக்குக் குறுக்கே படுத்தவருக்கு விழுந்த அதே துண்டுதான் அவருக்கும் விழுகிறது. அதே ஷீல்டு, அதே ‘தன்னலமற்ற சேவையைப் பாராட்டி’. அந்த வாசகம் என் கணினியில் தயாராகவே கிடக்கிறது, பெயரை மட்டும் மாற்றுவேன். இரண்டு பேருக்கும் ஒன்றே கிடைத்தால் நிஜமாக உழைத்தவர் அதை வீட்டில் எங்கே வைப்பார்? பீரோவுக்கு மேலேதான். ஷீல்டு விற்றால் எனக்கு லாபம், ஆனாலும் சொல்கிறேன், இந்த வருடம் ஷீல்டு வேண்டாம்.

அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள்.

தலைமை ஆசிரியர்களே, முகாமுக்கு நீங்கள் தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் போகிறீர்கள். நடுவில் ஓர் இரவு போங்கள். நாலாம் நாள் நல்லது, அதற்குள் அவர் குரல் கட்டியிருக்கும். பழம், பிஸ்கட் எதுவும் வாங்கிப் போக வேண்டாம். “இன்னிக்கு ராத்திரி நான் எண்ணிக்கிறேன், நீங்க படுங்க” என்று சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் இன்னோர் ஆசிரியரை அனுப்புங்கள். முகாம் முடிந்து பள்ளி திறக்கிற முதல் நாளே, வராத ஆசிரியரின் வகுப்பை அவர் தலையில் கட்டாதீர்கள். விதிப்படி ஈடுசெய் விடுப்புக்கு இடம் இருந்தால் அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற ஆட்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு வேலை பணத்தில்தான். அரசுப் பணம் வரும்போது வரட்டும். முகாமுக்கு முந்தின நாள் ஒரு தொகையை முன்பணமாக அவர் கையில் கொடுத்து, வந்ததும் கழித்துக்கொள்ளுங்கள். பில் ஒட்டிக் கணக்கு எழுத உங்களில் ஒருவர் இரண்டு மாலை அவரோடு உட்காருங்கள். சமையல்காரருக்கும் உதவியாளர்களுக்கும் கடைசி நாள் சாயங்காலமே கூலி போய்விட வேண்டும். தண்ணீர்த் தொட்டி இயக்குகிறவர் உங்களுக்காக அதிகாலையில் ஒரு தடவை கூடுதலாக வால்வு திறந்திருப்பார், அவரையும் மறந்துவிடாதீர்கள். அவர் பெயர் இதுவரை எந்த அழைப்பிதழிலும் வந்ததில்லை.

அப்புறம் அந்தக் கடைசி வரி. நன்றியுரையை ஒரு மாணவரிடம் கொடுங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், எழுதிக் கொடுத்தால் அதிலும் ‘தன்னலமற்ற’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏழு நாளில் சார் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொன்னால் போதும் என்று மட்டும் சொல்லி விடுங்கள். காய்ச்சல் வந்தவனை வண்டியில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனதைச் சொல்வான். உப்புமா வேண்டாம் என்று அடம்பிடித்தவளுக்குத் தன் பங்கு பழத்தைக் கொடுத்ததைச் சொல்வாள். பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்றும் செய்யாதவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது, அந்த மௌனமும் சபைக்குத் தெரியட்டும். முக்கியமாக, நன்றியுரையைச் சிறப்புரைக்கு முன்னால் வையுங்கள், பிரமுகர் நாற்காலியில் இருக்கும்போதே. அவரும் கேட்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் என் கடையில் கூட்டம் அதிகம், அதனால் கையெழுத்துப் பிரதியைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். நன்றியுரைக்கு எதிரே மாணவர் பெயர் எழுதி வருகிற அழைப்பிதழுக்கு அந்த வரியைப் பதினாறு பாயின்ட்டில் தடித்த எழுத்தில் போட்டுத் தருகிறேன். இடம் பற்றாவிட்டால் வாழ்த்துரையில் குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கூடுதல் காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் அச்சகக்காரன்