ஆர்.சி.யில் இல்லாத ஓனர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் புதுச்சேரியில் ஒரு பழைய கார் வாங்கினேன், பி.ஒய். 01 நம்பர். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்றார் புரோக்கர். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலும் ஓனர் வரிசை எண் 1 என்றே இருந்ததால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கடலூருக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கப் போனபோதுதான், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் அந்தக் காரை விற்றே நாலு வருடம் ஆகிறது என்று தெரிந்தது. பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30 இரண்டிலும் தேதி இல்லாமல், வாங்குபவர் பெயரும் எழுதாமல் அவரிடம் வெறும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அதே தாள்களோடு வண்டி மூன்று கை மாறியிருக்கிறது. அந்த மூன்று பேரும் எந்தப் பதிவிலும் இல்லை.

ஆர்.சி.காரரைத் தேடிப் பிடித்தேன். பெயர் அப்போதே மாறிவிட்டது என்றுதான் அந்த மனிதர் நினைத்திருந்தார். நடுவில் போனுக்கு வந்த அபராதச் செய்தியைக்கூட, தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டாராம். அந்த வண்டி யார் மேலாவது மோதியிருந்தால் நஷ்டஈடு வழக்கு அவர் வாசலுக்குத்தான் வந்திருக்கும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிடுகிறோம்.

அதனால் சிங்கிள் ஓனர் என்ற சொல்லை மட்டும் வைத்து வண்டி வாங்காதீர்கள். பெயர் மாற்றாமல் ஓட்டியவர்களை அந்த எண்ணிக்கை காட்டாது. வண்டி விவரம் பார்க்கும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் பாதி மறைந்துதான் வரும், ஆனால் இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் பழைய ரெக்கார்டைக் கேளுங்கள், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். என் காருக்கு 2024 டிசம்பரில் கார்பெட், வயரிங் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயல் முடிந்த கையோடு, அதுவும் நம் ஊர்ப் பக்கம், வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்றுதானே இதற்கு அர்த்தம். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்த சான்றும் அந்தக் குறிப்பை நீக்க வங்கி கையெழுத்திட்ட பாரம் 35-ம் கையில் வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எனக்கு இப்போது அதில்தான் எல்லாம் நிற்கிறது. அந்த ஆர்.சி.காரர் எனக்காக இரண்டு முறை லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததை இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு ஊர்ப் போக்குவரத்து அதிகாரிகளும் கடை கடையாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்