இன்கமிங் கட்டான போனை வச்சு என்ன சார் பண்றது?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

செல்போன் வந்ததால ஏழை நாடுகள்ல வறுமை கொறையுதுன்னு போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு சொல்ல வரல. ஆனா நான் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல பன்னெண்டு வருஷமா ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன், அதை எழுதுனவரு ஒரு நாள் என் கடை ஸ்டூல்ல உக்காந்து பாத்திருந்தா இன்னும் ரெண்டு பாரா சேத்திருப்பாரு, அதான் நானே எழுதுறேன்.

அதுல சொன்ன கென்யா கதை நெசம்தான். 2007ல போன்லயே பணம் அனுப்புறதுக்கு எம்-பெசான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பட்டன் போன் போதும், நெட்டே வேணாம், நைரோபில வேலை பாக்குற பையன் தெருமுனைக் கடைல காசைக் குடுத்து போன்ல ஏத்தி அம்மாவுக்கு அனுப்புனா, அந்தம்மா அவங்க ஊர்க் கடைல போயி நோட்டா வாங்கிக்கும். இதால 1,94,000 குடும்பம் வறுமைலருந்து மேல வந்துச்சுன்னு 2016ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, அதாவது அந்த நாட்ல நூத்துக்கு ரெண்டு வீடு. எங்க பக்கத்துக்கு இதெல்லாம் புதுசா என்ன, ரங்கூன்ல கட்டுன பணத்தை உண்டியல்னு சொல்ற பணச் சீட்டக் காட்டி இங்க வாங்குன ஊருதான, அப்ப சீட்டு கப்பல்ல வந்துச்சு.

கேரளாவுலயும் 1997லருந்து 2001க்குள்ள டவர் வந்தப்ப, மத்தி புடிக்கிறவங்க கடல்லருந்தே போனைப் போட்டு எந்தக் கரைல வெலை கூடன்னு கேட்டு அங்க போயி வித்தாங்க. அவங்களுக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு வெலை 4 சதவீதம் கொறைஞ்சுச்சு, மீனும் வீணாப் போகல. இதுக்கெல்லாம் போன் உசுரோட இருக்கணும்ல சார்?

எங்க தெருவுல ஒரு அக்கா, பனை ஓலைக்கு சாயம் போட்டு கொட்டான்ங்கிற சின்னக் கூடை முடையுறவங்க, எப்பப் பாத்தாலும் வெரல் நுனில ஊதாவோ பச்சையோ ஒட்டிருக்கும். சென்னைல ஒரு கல்யாணத்துக்கு தாம்பூலக் கொட்டான் கேட்டு யாரோ நாலு நாளா கூப்ட்ருக்காங்க, அக்கா போன்ல வேலிடிட்டி முடிஞ்சு மொதல்ல அவுட்கோயிங் போயி அப்புறம் இன்கமிங்கும் போச்சு, அது அவங்களுக்கே தெரியாது. "தம்பி, போன் மணியே அடிக்க மாட்டேங்குது, ரிப்பேரா பாரு"ன்னு கடைக்கு வந்தாங்க. ரீசார்ஜ் போட்டு திருப்பிக் கூப்ட்டா, ஆர்டர வேற எடத்துல குடுத்தாச்சாம். பேங்க் ஓடிபியும் இப்படித்தான், போன் செத்துட்டா வராது.

மாச ரீசார்ஜுன்னு விக்கிற இந்த 28 நாள் கணக்க யாராச்சும் போட்டுப் பாத்தீங்களா? 13 தடவை போட்டா 364 நாள். எங்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 13 மாசம். 2022ல போன் கம்பெனிங்களக் கண்காணிக்கிற டிராய் சொன்னதால 30 நாள் பிளானும் வந்துச்சு, 2024 டிசம்பர்ல நெட் இல்லாத பிளானும் குடுக்கணும்னு உத்தரவு போட்டாங்க, கம்பெனிங்களும் விட்டாங்க, ஆனா 84 நாள், 365 நாள்னு மொத்தமாக் கட்டணும். ஷாம்பையே பாக்கெட்டா வாங்குற சனம் சார், மொத்தத் தொகைக்கு எங்க போகும்? முன்னாடி லைஃப்டைம் சிம்முன்னு நானே கூவி வித்திருக்கேன், 10 ரூவா டாப்-அப் போட்டா போதும். 2018 கடைசில அதுக்கு வேட்டு வச்சாங்க. அந்த சிம்ம வாங்குன அப்பத்தாக்கள் இன்னைக்கும் என்னையத்தான் வையுது.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. ரீசார்ஜ் போடலன்னாலும் இன்கமிங் காலும் பேங்க் எஸ்எம்எஸ்ஸும் ஒரு வருஷத்துக்கு நிக்கக் கூடாது, அந்த எஸ்எம்எஸ் தமிழ்ல வரணும். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூவா வந்துருச்சான்னு பாக்க போனை நீட்டிக்கிட்டு கடை வாசல்ல வரிசை நிக்குது, எல்லாருக்கும் இங்கிலீஷ் மெசேஜப் படிச்சுச் சொல்றது நான்தான். அடுத்தவங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு எனக்கெதுக்கு சார் தெரியணும்?

இப்போதைக்கு அந்த அக்காவோட விசிட்டிங் கார்டுல என் கடை நம்பரத்தான் போட்ருக்கோம். நேத்து மதுரைலருந்து ஒரு அம்மா கூப்ட்டு அம்பது கொட்டான் வேணும், மூடி போட்டது என்ன வெலைன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும், லைன்லயே இருங்கம்மான்னுட்டு பையனை சைக்கிள்ல வெரட்டுனேன்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரன்,
பள்ளத்தூர்.