கம்ப்யூட்டருக்கு ராம் (மெமரி) வாங்குவதற்கு முன்னால்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா அதற்குள் ஜிப்மரில் நர்சிங் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாளா! இங்கே பண்ருட்டிப் பலா வந்து குவிகிறது. அம்மாவுக்குத்தான் மூட்டுவலி விட்டபாடில்லை.

உன் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். நாலு நாள் அணைக்காமல் விட்டால் லினக்ஸ் திணறுகிறது, எந்தப் புரோகிராம் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் 'டாப்' கமாண்டில் பார்த்தால் யாரும் அவ்வளவு மெமரி தின்னவில்லை, இன்னொரு 8 ஜிபி ராம் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. இதே கூத்து என் மெஷினிலும் நடந்தது.

நம் இரண்டு பேரிடமும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, இன்டெல் சிப்போடு வருவதுதான். அதற்கு வேண்டிய மெமரியை ராமிலிருந்தே எடுக்கும். எடுத்தது டாப்பில் எந்த பிராசஸ் (ஓடும் புரோகிராம்) கணக்கிலும் சரியாக வராது. அதனால்தான் எல்லாவற்றையும் கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது. மெமரியின் மொத்தக் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ' கமாண்ட் போட்டு 'ஷேர்டு' பத்தியைப் பார்; கிராஃபிக்ஸ் எடுத்தது அதில் தெரியும். எனக்குக் காலையில் 400 எம்பி இருந்தது, ராத்திரி ஒரு ஜிபி ஆகியிருந்தது. டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது டிஸ்க்கில் இல்லாமல் மெமரியிலேயே, கிடக்கும் ஃபைல்களும் அங்கேதான் சேரும், அதைக் கழித்துக்கொள்.

அப்புறம் ஆளைப் பிடிக்கணும். மேலோட்டமாகப் பார்த்தால், திரையில் எல்லாவற்றையும் காட்டும் எக்ஸ் சர்வர்தான் மாட்டும். அது பாவம், மற்ற புரோகிராம்கள் கேட்ட படங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் மாதிரி முழிக்கும். எக்ஸ்ரெஸ்டாப் என்ற கமாண்டை ஓட்டினால் யார் பேரில் எத்தனை பிக்ஸ்மேப் (எக்ஸ் வாங்கி வைத்திருக்கும் படம்), எவ்வளவு மெமரி என்று வரிசையாக வரும். என் மெஷினில் முதல் வரியில் இருந்தது யார் தெரியுமா? டெஸ்க்டாப்பில் குடும்ப போட்டோக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு குட்டி புரோகிராம்! பத்து நிமிஷத்துக்கு ஒரு படம்; புதுசை வாங்கும், பழசை விடாது. 1920க்கு 1080 திரை, பிக்ஸலுக்கு 4 பைட், ஆக ஒரு படம் சுமார் 8 எம்பி. மணிக்கு 48 எம்பி, நாளைக்கு ஒரு ஜிபிக்கு மேலே. உன்னிடமும் இப்படி ஒன்று ஓடினால், உன் மெஷின் நாலு நாள் தாங்குவதே பெரிசு.

அதை கில் பண்ணினேன். கனெக்‌ஷன் அறுந்தால் அந்தப் பேரில் வைத்திருந்ததை எக்ஸ் விட்டுவிடும். ஷேர்டு சர்ரென்று இறங்கியது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

நீ எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டில் இருந்தால் எக்ஸ்ரெஸ்டாப் அவ்வளவாக உதவாது. 'ப்ராக்' ஃபோல்டருக்குக் கீழே அந்தந்த பிராசஸின் 'எஃப்டிஇன்ஃபோ' ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் டிஆர்எம் என்று தொடங்கும் வரிகளைப் பார். லினக்ஸின் மையமான கர்னல் புதுசாக இருந்தால் கிராஃபிக்ஸ் மெமரி அங்கே தெரியும். லாக் அவுட் பண்ணியும் ஷேர்டு இறங்கவில்லை என்றால் கிராஃபிக்ஸ் சிப்பை ஓட்டும் டிரைவர் மேலேயே சந்தேகம்; அது கர்னலோடு வருவது. அப்போது முதலில் கர்னலை அப்டேட் பண்ணு.

காலையும் ராத்திரியும் வந்த 'ஃப்ரீ' எண்களை எழுதி அனுப்பு. தங்கச்சியையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்